கோடையில் மலை ஏறும் உடல்

கோடையில் மலையேறுபவரை இரண்டு அடுப்புகள் காய்ச்சுகின்றன. ஒன்று தலைக்கு மேலே இருக்கும் சூரியன். மற்றொன்று அவருடைய சொந்தத் தொடைத் தசைகள். சூரியனுக்காகத் தொப்பியும் தலைத்துண்டும் எடுத்துக்கொண்டு கிளம்புபவர்கள் தசைகளைப் பற்றி நினைப்பதில்லை. பாதை செங்குத்தாக ஆக ஆக, தசைகளின் வெப்பமே பெரிதாகிறது.

கோவைக்கு மேற்கே உள்ள வெள்ளியங்கிரி மலையை எடுத்துக்கொள்ளலாம். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலையின் உச்சி வரை ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். சமதளத்தில் அது ஒன்றேகால் மணி நேர நடை. ஆனால் அந்த ஆறு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவரை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான வேலை இயற்பியல் கணக்குப்படி சுமார் 590 கிலோஜூல், அதாவது 140 கிலோ கலோரி. மூன்று இட்லியில் அடங்கிவிடும் ஆற்றல் இது.

இவ்வளவு குறைவாகத் தெரியும் கணக்கு ஏறுபவரை ஏன் இப்படித் தள்ளாட வைக்கிறது? தசை ஒரு சிக்கனமான இயந்திரம் அல்ல. ஏற்றத்தில் அது எரிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 விழுக்காடுதான் உடலை மேலே தூக்கப் பயன்படுகிறது. மீதி முழுவதும் வெப்பமாகிறது. 140 கிலோ கலோரி வேலைக்கு 600 கிலோ கலோரிக்கு மேல் எரிய வேண்டும். அதில் ஏறக்குறைய 500 உடலுக்குள்ளேயே சூடாகத் தங்குகிறது. 60 கிலோ உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 50 கிலோ கலோரி போதும். ஆகவே அந்த வெப்பம் வெளியேற வழியே இல்லாமல் போனால், உச்சியை அடையும்போது உடலின் வெப்பநிலை பத்து டிகிரி கூடி 47-ஐத் தொட்டிருக்கும். 40-ஐத் தாண்டினாலே மூளை தடுமாறத் தொடங்கிவிடும். மலையேற்றம் என்பது உடலைப் பொறுத்தவரை கால்களின் வேலையைவிட, அந்தப் பத்து டிகிரியை இடைவிடாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கும் வேலை.

வெப்பம் வெளியேற நான்கு வழிகள் உண்டு: தொடும் பொருளுக்குக் கடத்துதல், காற்றோடு போதல், கதிர்வீச்சாக வெளியேறுதல், வியர்வை ஆவியாதல். தோலின் வெப்பநிலை பொதுவாக 33 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும். சுற்றியுள்ள காற்று 25 டிகிரி என்றால் முதல் மூன்று வழிகளும் திறந்திருக்கும். காற்று 36, 37 என்று ஏறிவிட்டால் அவை அடைபடுவதோடு நிற்பதில்லை. திசை மாறி, வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே கொண்டுவரத் தொடங்குகின்றன. காய்ந்த பாறையில் கையூன்றி ஏறும் இடங்களில் இது நன்றாகவே தெரியும். திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் பாறையில் நட்ட கடப்பாறைகளையும் சங்கிலிகளையும் பிடித்து ஏறும் பகுதி உண்டு. நடுப்பகலில் அந்த இரும்பைத் தொட்டவருக்குக் கடத்தல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

எஞ்சுவது வியர்வை. உடலெங்கும் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுவதுமாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆக, ஆயிரம் மீட்டர் ஏற்றத்தின் வெப்பத்தைக் கழிக்கக் கணக்குப்படி ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வியர்த்தால் போதும். நடைமுறையில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வியர்க்கிறது. ஏனென்றால் நெற்றியிலிருந்து சொட்டும் துளியும், சட்டையை நனைத்து முதுகுப்பையில் ஊறும் ஈரமும் உடலைக் குளிர்விப்பதில்லை. ஆவியாகாத வியர்வை வீணான தண்ணீர்.

வியர்வை ஆவியாகுமா சொட்டுமா என்பதைக் காற்றின் ஈரப்பதம் தீர்மானிக்கிறது. அதனால்தான் வெறும் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு மலையேறக் கிளம்புவது பாதிக் கணக்கு. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறார்கள். ஆவியாதலால் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது சொல்கிறது. அது 35 டிகிரியை எட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களைக் கொண்டு நடத்திய சோதனைகளில், ஈரமான சூழலில் ஏறத்தாழ 31 டிகிரியிலேயே உடல் தன் வெப்பச் சமநிலையை இழக்கத் தொடங்குவது தெரிந்தது. அதுவும் இலேசான வேலைகளுக்குத்தான். செங்குத்தில் ஏறுபவருக்கு எல்லை இன்னும் கீழே இருக்கும். 1950-களில் அமெரிக்கக் கடற்படை வீரர்களின் பயிற்சி முகாம்களுக்காக உருவான குறியீடு இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஈரக்குமிழுக்கு 70 விழுக்காடும், வெயிலில் வைத்த கரும்பந்து வெப்பமானிக்கு 20 விழுக்காடும், சாதாரணக் காற்று வெப்பநிலைக்கு வெறும் 10 விழுக்காடும் மதிப்பளிக்கிறது அது. நாம் செய்தியில் கேட்கும் ‘இன்று 39 டிகிரி’ என்பது இந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே.

இனி சூரியனின் பங்கு. தெளிவான வானத்தில், கதிருக்கு நேராக வைத்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் ஆயிரம் வாட் விழுகிறது. நடப்பவரின் உடல் அதில் சிறு பகுதியைத்தான் வாங்குகிறது. உடை, நிறம், சூரியனின் கோணம் ஆகியவற்றைப் பொறுத்து நூறு, இருநூறு வாட் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறும் 60 கிலோ உடல் உள்ளே உண்டாக்கும் வெப்பமோ சுமார் 300 வாட். நிழலில் ஏறினால் முதல் கணக்கு பெரும்பாலும் குறையும். வேகத்தைக் குறைத்தால்தான் இரண்டாவது குறையும். குடையைவிட நிதானமான நடை பெரிய பாதுகாப்பு என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது.

மலைச்சரிவில் சூரியனின் வடிவியல் சமவெளியைப் போல் இருப்பதில்லை. சமதரையில் கதிர் நேராக விழுவது நண்பகலில். கிழக்கு நோக்கி 30 டிகிரி சாய்ந்த சரிவில் அது காலை பத்து மணியை ஒட்டியே நிகழ்ந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுப் பக்கச் சரிவுகளில் பல கிழக்கு நோக்கியவை. ‘வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம்’ என்று ஒன்பது மணிக்குக் கால் வைப்பவர் அன்றைய நாளின் கடுமையான வெயிலுக்குள்ளேயே கால் வைக்கிறார். தவிர, கோவை இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். நிழல் காலடிக்குள் ஒடுங்கும் அந்த நாட்கள் பெரும்பாலும் சித்திரையில் விழுகின்றன. வெள்ளியங்கிரியில் கூட்டம் பெருகும் காலமும் அதுவே.

உயரம் போகப் போகக் குளிரும் என்பது உண்மை. சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறைகிறது. ஆனால் இந்தச் சலுகை ஏற்றத்தின் கடைசியில்தான் கிடைக்கிறது. கடினமான முதல் படிக்கட்டுகள் அடிவாரத்து வெக்கையிலேயே கிடக்கின்றன. மேலே காற்று குளிர்ந்தாலும் புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குப் பத்து விழுக்காடு போலக் கூடுவதால், குளிர்ந்த காற்றில் சுகமாக நடந்தவரின் பிடரி மறுநாள் உரிவதும் உண்டு. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த மலைகளில் மூச்சு வாங்கினால் ‘மேலே ஆக்சிஜன் குறைவு’ என்று காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. 1,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. பழகாதவருக்கு அது சற்றே சிரமம் தரும், அவ்வளவுதான்; உயர மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். நம் ஊர் மலைகளில் மூச்சு வாங்குவதற்குக் காரணம் ஏற்றமும் வெப்பமும், பயிற்சியில்லாத இதயமும்.

இதயத்துக்கு இந்த நேரத்தில் இரண்டு எஜமானர்கள். தசைக்கு ஆக்சிஜன் வேண்டும், ஆகவே ரத்தம் வேண்டும். உள்வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதே ரத்தம். கடும் வெப்பத்தில் தோலுக்கு மட்டுமே நிமிடத்துக்கு ஆறு, ஏழு லிட்டர் வரை ரத்தம் போகக்கூடும். ஓய்வில் இதயம் இறைக்கும் மொத்த அளவே ஐந்து லிட்டர்தான். இதற்கிடையே வியர்வையாகப் போகும் நீர் ரத்தத்தின் கன அளவையும் குறைக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைய, அதை ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. ஒரே சரிவில் ஒரே வேகத்தில் நடந்தாலும் முதல் மணியில் 130 ஆக இருந்த நாடி இரண்டாம் மணியில் 150-க்கு ஏறுவது இதனால்தான். ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதே தெரியாமல் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு, வாழ்நாளில் அதுவரை யாரும் வைக்காத சோதனையை மலை வைக்கிறது. கோடை யாத்திரைகளில் நிகழும் திடீர் மரணங்களில் மாரடைப்பு அடிக்கடி பேசப்படுவதில் வியப்பில்லை. நீரிழிவு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உடல் நீரைக் குறைக்கும். இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரை, தேவைப்படும் நேரத்தில் துடிப்பை ஏறவிடாது. சளிக்குப் போடும் சில பழைய வகை மாத்திரைகள் வியர்வையையே குறைக்கும்.

தோலும் தசையும் ரத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது பட்டினி கிடப்பது குடல். ஏறும் வழியில் குமட்டலும் வாந்தியும் வருவது பலநேரம் சாப்பிட்ட உணவின் குற்றமல்ல; செரிக்கும் உறுப்புக்கு ரத்தம் போகவில்லை. வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறுவது இந்த நெருக்கடியைக் கூட்டும்.

தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு, எதோடு என்பதில்தான் தகராறு. வெக்கையில் ஏறுபவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்ப்பது சாதாரணம். சிலருக்கு அதற்கு மேலும் போகும். உடல் எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் நீர் குறைந்தால் செயல்திறன் சரியத் தொடங்கும். 60 கிலோ ஆளுக்கு அது 1.2 லிட்டர். இதைக் கேட்டவுடன் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கத் தோன்றும். அதன் மறுபக்கத்தை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் உலகுக்குக் காட்டியது. அந்தப் பள்ளத்தாக்கில் கோடையில் நடந்து மயங்கி விழுந்தவர்களை 1990-களில் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, ஒரு பகுதியினருக்கு நீர்க்குறைவே இல்லை. அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்ததால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருந்தது. சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனால் செல்களுக்குள் நீர் புகுந்து அவை வீங்கும். மூளைக்கு வீங்க இடமில்லை, மண்டையோடு விடாது. தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் வெப்பத்தால் தளர்ந்தவரைப் போலவே இருப்பார். பக்கத்தில் இருப்பவர் ‘இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க’ என்று ஊற்றி நிலைமையைக் கெடுப்பதும் நடக்கும். மணிக்கணக்கில் குடித்துக்கொண்டே இருந்து, வயிறு உப்பி, கைவிரல் மோதிரம் இறுகி, தாகமே இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டியது உப்பு, தண்ணீர் அல்ல.

ஒரு லிட்டர் வியர்வையோடு சராசரியாக இரண்டிலிருந்து மூன்று கிராம் உப்பு போகிறது. காய்ந்த சட்டையில் வெள்ளைக் கோடு படிந்தால் அந்த ஆளின் வியர்வையில் உப்பு அதிகம். இதற்கு நம் பக்கத்துப் பானங்கள் நன்றாகவே பொருந்துகின்றன, ஒன்றிரண்டைத் தவிர. உப்பிட்ட நீர்மோரும், கல்லுப்பு போட்ட நீராகாரமும், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறும் நீரையும் சோடியத்தையும் சேர்த்தே தருகின்றன. இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். இளநீரை மட்டுமே நம்பி ஏறுபவர் உப்புக்கடலையையும் மடியில் கட்டிக்கொள்வது நல்லது. பானகத்தில் வெல்லத்துக்குக் குறைவில்லை. ஒரு சிட்டிகை உப்பு சேர்க்காவிட்டால் அதுவும் அரைக்கிணறுதான். மருந்துக் கடையில் விற்கும் உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தின் உலகச் சுகாதார நிறுவனச் சூத்திரத்தில், லிட்டருக்கு 2.6 கிராம் சாதாரண உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் இருக்கின்றன. குளுக்கோஸ் இனிப்புக்காகச் சேர்த்ததல்ல. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோசும் ஒரே கதவு வழியாகச் சேர்ந்து நுழைகின்றன, நீர் அவற்றைத் தொடர்ந்து போகிறது.

இந்த மலைகளில் கூடை சுமந்து ஏறி, அடிவாரத்துக்கும் மேலுக்கும் பொருள் கொண்டுபோகிறவர்கள் அவ்வளவாக வியர்த்து விறுவிறுப்பதில்லை என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அவர்கள் கூடுதலாகவும் முன்னதாகவும் வியர்க்கிறார்கள். வெப்பத்தில் தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் உழைக்கும் உடல் ஏழிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் மாறிவிடுகிறது. ரத்த நீர்மம் பெருகுகிறது, நாடி இறங்குகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, ஆல்டோஸ்டிரோன் என்ற சுரப்பின் வேலையால் வியர்வையில் உப்பு குறைகிறது. இந்தப் பழக்கம் வெப்பத்தை விட்டு விலகினால் சில வாரங்களில் கரைந்தும் போகும். குளிரூட்டிய அலுவலகத்தில் ஆண்டெல்லாம் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு சனிக்கிழமை இரவு பேருந்து பிடித்து வருபவருக்கு அந்த மாற்றங்களில் ஒன்றுகூட நடந்திருக்காது. அவர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவராக இருந்தாலும் பாதிதான் உதவும். வலுவான கால் அவரை வேகமாக ஏறத் தூண்டுவதே ஆபத்தாக முடியலாம்.

ஏறும் வேகத்துக்கு மலையேறிகள் இன்றும் எடுத்துக்காட்டும் விதியை 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்தார். சமதளத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. ஸ்காட்லாந்தின் குளிரில் பிறந்த கணக்கு அது. மணிக்கு 600 மீட்டர் ஏற்றம் என்பது சித்திரை வெயிலில் யாருக்கும் பரிந்துரைக்கத் தக்கதல்ல. அதில் பாதியே தாராளம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் என்பது பழைய அளவுகோல், நம்பத்தக்கதும்கூட. நேராக ஏறும் படிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஏறுவதும், ஒவ்வொரு அடிக்கும் பின்காலை நேராக்கி எலும்பின் மேல் எடையைக் கணநேரம் நிறுத்துவதும் தசைக்கு ஓய்வு தருகின்றன.

வெள்ளியங்கிரியில் பலர் இரவில் ஏறுகிறார்கள். வெப்பக் கணக்குப்படி இது சரியான முடிவு. ஆனால் சிக்கல் மறுநாள் காலையில் இருக்கிறது. உச்சியில் சூரியோதயம் பார்த்து, தரிசனம் முடித்து, வரிசையில் நின்று இறங்கத் தொடங்கும்போது வெயில் ஏறிவிடுகிறது. தூக்கமில்லாத உடல், தீர்ந்துபோன தண்ணீர் பாட்டில், எதிரே வரவர வெப்பம் கூடும் பாதை. இறக்கத்தில் மூச்சு வாங்காததால் ஆபத்து தெரிவதில்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுருங்கி உடலைப் பிடித்து நிறுத்துகிறது. ஆற்றல் செலவு குறைவு, தசை நார்களுக்கு உண்டாகும் சேதம் அதிகம். கடைசிப் படிகளில் முழங்கால் வெடவெடவென ஆடுவதும், மறுநாள் படியிறங்க முடியாமல் சுவரைப் பிடிப்பதும் இதனால்தான். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் கழி ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் தன் விலையைத் திருப்பித் தருகிறது. எடையில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றி முழங்காலைக் காக்கிறது.

கிராண்ட் கேன்யனில் இந்த வரிசை தலைகீழ். நடப்பவர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெற்கு விளிம்பிலிருந்து அதிகாலைக் குளிரில் சுகமாக இறங்குகிறார். 1,300 மீட்டருக்கு மேல் இறங்கிக் கொலராடோ ஆற்றங்கரையை அடையும்போது அங்கே கோடையில் 40 டிகிரிக்கு மேல் காய்கிறது. ஏற்றம் முழுவதும் அதற்குப் பிறகுதான். காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை உள்பள்ளத்தாக்கில் நடக்க வேண்டாம் என்றும், ஆறு வரை போய் ஒரே நாளில் திரும்ப வேண்டாம் என்றும் பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது.

கோடை மலைக்கே உரிய வேறொரு வெப்பமும் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் காய்ந்து நிற்கும் மலைப்புல்லில் தீ பிடித்தால் அது மேல்நோக்கி ஓடும் வேகம் சமதளத்தைவிடப் பல மடங்கு. சாய்ந்த சுவாலை மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதும், சூடான காற்று சரிவையொட்டி எழுவதும் காரணம். தேனி மாவட்டக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று இப்படிப்பட்ட தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறையையோ ஏற்கெனவே எரிந்த நிலத்தையோ சேர வேண்டும்.

வெப்பம் உடலைத் தாக்கும்போது சில அறிகுறிகள் முன்னே வரும். கெண்டைக்காலில் குரக்களி பிடிப்பது முதலாவது. சட்டென்று நின்றவுடன் கண் இருட்டுவது, கால்களில் ரத்தம் தேங்குவதால். தலைச்சுற்றல், குமட்டல், வெளிறிய ஈரமான தோல், அசாத்தியக் களைப்பு ஆகியவை வெப்பத் தளர்ச்சியைக் காட்டும். இந்த நிலையிலேயே நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, உப்பு கலந்த பானம் கொடுத்தால் பெரும்பாலோர் அரைமணியில் தெளிவார்கள். தெளிந்தவர் கீழே இறங்க வேண்டுமே தவிர, ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்று மேலே போகக் கூடாது.

பேச்சு குளறி, சம்பந்தமில்லாமல் எரிந்துவிழுந்து, தடுமாறி நடப்பவரின் நிலை வேறு. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தொட்டுவிட்டது. இதுவே வெப்ப வாதம். வியர்வை நின்று தோல் வறண்டிருக்கும் என்பது பலர் நம்புவது. உழைப்பால் வரும் வெப்ப வாதத்தில் தோல் நனைந்தே இருக்கலாம். ஆகவே பார்க்க வேண்டியது புத்தித் தெளிவை. இங்கே காய்ச்சல் மாத்திரை உதவாது. காய்ச்சலில் மூளையின் ஹைப்போதாலமஸ் தானே வெப்பநிலையை உயர்த்தி நிர்ணயிக்கிறது, பாரசிட்டமால் அந்த நிர்ணயத்தை இறக்குகிறது. வெப்ப வாதத்தில் நிர்ணயம் 37-லேயே இருக்கிறது. வெளியேற்ற முடியாத வெப்பம்தான் குவிந்துகிடக்கிறது. செய்ய வேண்டியது உடனே குளிர்விப்பது. குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்துவது சிறந்த முறை. மலையில் அது கிடைக்காது. இருக்கிற தண்ணீரையெல்லாம் உடல் முழுக்க ஊற்றி, வேட்டியோ துண்டோ கொண்டு விடாமல் விசிற வேண்டும். சுனை பக்கத்தில் இருந்தால் துணியை நனைத்து நனைத்து மாற்றலாம். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் குளிர்வித்தல் தொடங்கியாக வேண்டும், தூக்கும் வழியெல்லாம் தொடரவும் வேண்டும். முதல் அரைமணிக்குள் வெப்பநிலை 39 டிகிரிக்குக் கீழே இறங்கியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். பிழைத்தவர்களுக்கும் சிறுநீரகத்திலும் ஈரலிலும் உண்டான பாதிப்பு இரண்டொரு நாள் கழித்தே தெரியவரலாம் என்பதால் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை அவசியம்; அடுத்த சில வாரங்களுக்கு வெயிலில் கடும் உழைப்பும் கூடாது.